குளிரால் சாகும் செடியும் வயதால் சாகும் செடியும்



டொராண்டோவில் அக்டோபர் மாதத்தில் ஏதோ ஒரு நாள் விடியும்போது புல்லின் மேல் வெள்ளை படிந்திருக்கும். முந்தின மாலை வரை வாசலில் கொத்துக் கொத்தாகப் பூத்து நின்ற இம்பேஷன்ஸ் செடி, வெயில் ஏறுவதற்குள் வெந்த கீரை போலத் துவண்டு கறுத்துப்போகும். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் கோலியஸுக்கும் அதே கதி. அந்த வாரக் கடைசியில் தெருவோரம் முழுக்கத் தோட்டக் குப்பைக்கான பழுப்புக் காகிதப் பைகள் வரிசையாக நிற்கும். மே மாதத்தில் காசு கொடுத்து வாங்கி, கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றிய செடிகள் அந்தப் பைகளுக்குள் கிடக்கும். ஒரு பருவத்துச் செடிதானே, அதன் காலம் முடிந்துவிட்டது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார்.

அந்தச் செடிகளில் பலவற்றின் காலம் முடியவே இல்லை. அவை மூப்பால் சாகவில்லை, குளிரால் செத்தன. அவற்றைக் காப்பாற்றியிருக்க முடியும்; அதற்குக் கண்ணாடி மாளிகையோ பெரிய செலவோ தேவையில்லை. எந்தச் செடி எந்த ஊரிலிருந்து வந்தது, அந்த ஊரில் அது எப்படி ஆண்டைக் கழிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்றைய உரை முழுக்க அதைச் சுற்றியே இருக்கும்.

முதலில் இரண்டு கூட்டங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சூரியகாந்தி, ஜினியா, காஸ்மாஸ், துலுக்கச் சாமந்தி ஆகியவை உண்மையிலேயே ஓராண்டுச் செடிகள். விதை முளைக்கிறது, செடி வளர்கிறது, பூக்கிறது. விதை முற்றியதும் செடி தானாகவே காய்ந்துபோகிறது. இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்த சத்தை விதைக்குள் அனுப்பிவிட்டால் அதற்கு மேல் அந்த உடம்புக்கு வேலை இல்லை. நம் வயல்களில் எள்ளும் உளுந்தும் இப்படித்தான். இந்தச் செடிகளை டிசம்பரில் எவ்வளவு கதகதப்பான அறையில் வைத்தாலும் பயன் கிடையாது. அவற்றின் அடுத்த ஆண்டு விதையில்தான் இருக்கிறது. காய்ந்த பூத்தலையைக் கிள்ளி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டுப் பெயரும் ஆண்டும் எழுதி ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: கடையில் வாங்கியது கலப்பின விதை என்றால், அதன் பிள்ளைகள் தாயைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்த கூட்டம்தான் அநியாயமாகக் குப்பைக்குப் போவது. இம்பேஷன்ஸ், நம் காசித்தும்பைக்கு நெருங்கிய உறவு. கென்யாவிலிருந்து மொசாம்பிக் வரையிலான கிழக்கு ஆப்பிரிக்காவின் ஈரநிழலில் ஆண்டுக்கணக்கில் வாழ்வது. ஜெரேனியம் என்று நாற்றங்கால்களில் விற்கப்படும் பெலார்கோனியம் தென்னாப்பிரிக்காவுக்குரியது. கோலியஸ் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும், பாத்தி ஓரங்களில் வைக்கும் சின்னப் பெகோனியா பிரேசிலிலிருந்தும் வந்தவை. ஃபூஷியாவுக்குத் தென் அமெரிக்க மலைச்சரிவுகள் தாய்வீடு, டேலியாவுக்கு மெக்சிகோவின் மேட்டு நிலம். இவை எல்லாம் சொந்த மண்ணில் பல்லாண்டு வாழ்பவை. கனடாவின் நாற்றங்கால்காரர் அவற்றோடு ஓராண்டுச் செடி என்று அட்டை செருகி விற்பது, இந்த ஊர் ஜனவரியை அவை வெளியில் தாங்காது என்ற பொருளில்தான்.

தமிழருக்கு இதற்குச் சான்று தொலைவில் இல்லை. நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். மடகாஸ்கரிலிருந்து புறப்பட்டு உலகமெல்லாம் பரவிய செடி. தமிழ்நாட்டில் வறண்ட தரையிலும் சுவர் இடுக்கிலும் இடுகாட்டிலும், யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே ஆண்டு முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கும். சுடுகாட்டுமல்லி என்ற பெயர் அதனால்தான் வந்தது. அதே செடி டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் நாற்றங்கால்களில் விங்கா என்ற பெயரில் ஒரு கோடைக்கான செடியாக விற்கப்படுகிறது. இதே ஒன்டாரியோவின் லண்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் ராபர்ட் நோபலும் சார்ல்ஸ் பீரும் இந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அந்த ஆராய்ச்சிக்கு முதல் காரணமான இலைகள் ஜமைக்காவிலிருந்து அஞ்சலில் வந்தவை. ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் அந்தச் செடி, ஒன்டாரியோத் தோட்டத்தில் இலையுதிர்காலத்தின் முதல் குளிர்ந்த இரவுகளிலேயே மஞ்சளித்துவிடும்.

மிளகாயும் இதே இனத்துக் கதைதான். நம் ஊர்க் கொல்லையில் மூன்றாம் ஆண்டிலும் காய்க்கும் மிளகாய்ச் செடியைப் பார்த்தவர்களுக்கு, அது ஓராண்டுப் பயிர் அல்ல, சிறு புதர் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்நாட்டில் இலையுதிர்காலத்தில் அதைப் பாதிக்கு மேல் கவாத்து செய்து, தொட்டியோடு உள்ளே எடுத்துக் குளிர்ச்சியான வெளிச்சமுள்ள மூலையில் வைத்தால், மறு கோடையில் விதையிலிருந்து வளர்த்த செடியைவிட முன்னதாகவே காய்க்கத் தொடங்கும்.

குளிர்நாட்டுக்காரர்கள் இந்த வித்தையை இன்று நேற்றுக் கற்றுக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் லண்டனிலுள்ள கியூ தோட்டம் தன் முதல் செடி சேகரிப்பாளராக ஃபிரான்சிஸ் மேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரரை 1772இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு அனுப்பியது. கேப்டன் குக்கின் கப்பலில் போனவர் அவர். இன்று உலகின் ஜன்னல்களில் பூக்கும் ஜெரேனியங்களின் மூதாதைகளோடு உறவுள்ள பல பெலார்கோனிய இனங்களை அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். அவர் கொண்டுவந்து 1775இல் கியூவில் சேர்ந்த ஒரு சைக்கஸ் வகைச் செடி, கண்ணாடிக் கூரையின் கீழ் இருநூறுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களைக் கடந்து இன்னும் அங்கே தொட்டியில் நிற்கிறது. வெயில் நாட்டுச் செடிகளைக் குளிர்நாட்டுக்கு அறிமுகம் செய்த அந்த மனிதர் 1805 டிசம்பரில், கனடாவின் மான்ட்ரியல் நகரில், கடுங்குளிர் காலத்தில் இறந்தார்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் ஆரஞ்சு மரங்களுக்கென்றே ஒரு மாபெரும் கல்மண்டபம் 1680களில் எழுந்தது. பெரிய மரப்பெட்டிகளில் வளரும் அந்த மரங்கள் அக்டோபரில் உள்ளே போகும், மே மாதத்தில் வெளியே வரும். இந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. அங்கே அறையைச் சூடாக்குவதைவிடக் கனமான சுவரும் தெற்கு நோக்கிய ஜன்னல்களும்தான் அதிக வேலை செய்கின்றன. மரம் வளர வேண்டாம், உறையாமல் இருந்தால் போதும் என்பதே அதைக் கட்டியவர்களின் கணக்கு. வீட்டுத் தோட்டக்காரர் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்: குளிர்காலத்தில் செடியை வளர்க்கப் பார்க்கக் கூடாது, உயிரோடு வைத்திருந்தால் போதும்.

இங்கிலாந்தில் கண்ணாடி மேலிருந்த வரி 1845இல் நீங்கியது. அதன் பிறகு பணக்காரர் தோட்டங்களில் பசுமைக்குடில்கள் பெருகின. ஜெரேனியமும் கோலியஸும் ஆயிரக்கணக்கில் குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டுக் கோடையில் பாத்திக்கு வந்தன. அந்த ஆடம்பரம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கியது என்பதற்குச் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டம் ஒரு சான்று. தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் அங்கே கட்டி 1840இல் முடித்த பெரும் கண்ணாடிக் கூடத்துக்கு எட்டுக் கொதிகலன்கள், ஏழு மைல் நீளத்துக்கு வெந்நீர்க் குழாய். நிலக்கரி நிலத்துக்கடியில் போட்ட தண்டவாளத்தில் வந்தது. முதல் உலகப் போரில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு, தோட்டக்காரர்கள் போர்முனையில். சூடு நின்றது, செடிகள் மடிந்தன, 1920இல் கூடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே ஆண்டுகளில் ஏழைக் குடில்களின் ஜன்னல் திட்டில் இருந்த ஜெரேனியம் அடுப்படிச் சூட்டிலேயே பிழைத்துக்கிடந்தது.

குளிர் செடியை எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால், எப்போது உள்ளே எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அது இரண்டு விதமாகக் கொல்கிறது. ஒன்று, உறைதல். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்போது முதலில் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள இடத்தில் பனித்துகள் உருவாகிறது. அந்தத் துகள் உயிரணுவுக்குள் இருக்கும் நீரை வெளியே உறிஞ்சி வளர்கிறது. உயிரணு வற்றிச் சுருங்கி அதன் சவ்வு கிழிகிறது. காலையில் பனி உருகும்போது கிழிந்த சவ்வு வழியே சாறு ஒழுகிவிடும். இலை கறுத்துத் தொங்குவது அதனால்தான். மற்றது இதைவிட அமைதியாக நடக்கும். வெப்பமண்டலச் செடிகளின் உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பு, பத்து டிகிரி அளவிலேயே இறுகத் தொடங்கிவிடும். நீர் உறையவே வேண்டாம். கோலியஸ், நித்தியகல்யாணி, துளசி வகைகள் எல்லாம் செப்டம்பர் இரவுகளிலேயே இலை மஞ்சளித்து, புள்ளி விழுந்து, வளர்ச்சி நின்று நோய்வாய்ப்படும்.

ஆகவே முதல் வெண்பனி எப்போது விழும் என்று வானிலை அறிக்கையைப் பார்த்துக் காத்திருப்பது தவறான கணக்கு. இரவு வெப்பம் பத்து டிகிரியைத் தொடும் வாரத்திலேயே மென்மையான செடிகள் உள்ளே இருக்க வேண்டும். சிறிது சிறிதாகக் குளிருக்குப் பழக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பான்சி போன்ற குளிர்நாட்டுச் செடிகளால் அது முடியும். பகல் குறையக் குறைய அவை உயிரணுக்களில் சர்க்கரையைச் சேர்த்து, சவ்வின் கொழுப்பையே மாற்றிக்கொள்கின்றன. இம்பேஷன்ஸுக்கு அந்தத் திறன் பிறவியிலேயே இல்லை. அதை வெளியில் விட்டுவைப்பது வெறும் கொடுமை.

இனி ஜெரேனியத்திடம் வருவோம். காப்பாற்றுவதற்கு இதைவிட இணக்கமான செடி வேறில்லை. அதன் தாயகத்தில் பெரும்பகுதி மாதக்கணக்கில் மழை காணாத நிலம். அதனால் அதன் தண்டு தடித்து, நீரைத் தேக்கி வைக்கும்படி அமைந்திருக்கிறது. அந்தத் தண்டை நம்பித்தான் குளிர்நாட்டுப் பாட்டிமார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உறைபனி விழுவதற்கு முன் செடியை வேரோடு மென்மையாகப் பிடுங்க வேண்டும். மண்ணை உதறிவிட வேண்டும், கழுவக் கூடாது. இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவிட்டு, ஒரு காகிதப் பைக்குள் தலைகீழாக வைத்து வாயைத் தளர்வாகக் கட்டி, பேஸ்மென்ட்டில் குளிர்ந்த இருட்டு மூலையில் தொங்கவிட வேண்டும். அந்த இடம் ஏழு முதல் பத்து டிகிரி வரை இருந்தால் சிறப்பு. உலை எரியும் அறை ஆகாது, உறையும் கராஜும் ஆகாது.

மாதத்துக்கு ஒருமுறை பையைத் திறக்க வேண்டும். இலைகள் உதிர்ந்திருக்கும், அது இயல்பு. பூஞ்சை பிடித்த தண்டு இருந்தால் நல்ல பகுதி வரை வெட்டி எறிய வேண்டும். மீதியை ஒன்றிரண்டு மணி நேரம் வேர்மட்டும் நீரில் அமிழ்த்தி, மேல்நீர் வடிந்ததும் பழையபடி பைக்குள். பிப்ரவரியில் பார்க்கும்போது அது செத்த குச்சிக்கட்டு மாதிரிதான் தெரியும். பலர் அப்போது நம்பிக்கை இழந்து எறிந்துவிடுகிறார்கள். எறியும் முன் நகத்தால் தண்டின் தோலை லேசாகக் கீறிப்பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால், ஈரம் விரலில் ஒட்டினால், செடிக்கு உயிர் இருக்கிறது. மார்ச்சில் பச்சை நிற்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, தொட்டியில் நட்டு, ஜன்னலோரம் வைத்து ஒருமுறை நன்றாக நீர் விட்டால், சில வாரங்களில் கணுக்களில் குருத்து தள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஜெரேனியம் என்ற பெயரிலேயே பனியைத் தாங்கி வெளியிலேயே வாழும் வேறொரு செடியும் உண்டு. தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார். 1789இல் லெரிட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்தார். நாற்றங்கால்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கின்றன. வெளியில் வாழும் ஜெரேனியத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிடக் கூடாது.

இடம் குறைவானவர்களுக்கும் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் போத்து எடுப்பதுதான் நல்ல வழி. ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ, பூவில்லாத நல்ல கிளையைத் தேர்ந்து, நுனியிலிருந்து விரல் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்ட வேண்டும். கீழ் இலைகளை நீக்கி, மேலே இரண்டு மூன்று இலை விட்டால் போதும். ஜெரேனியத்தின் வெட்டுவாய் சில மணி நேரம் காற்றில் உலர்ந்து தோல் கட்ட வேண்டும். ஈரத்தோடு நட்டால் அடியிலிருந்து கறுப்பாக அழுகி ஏறும். மற்றச் செடிகளின் போத்துக்கு மேல் பிளாஸ்டிக் உறை கவிழ்ப்பதுபோல இதற்குச் செய்யவும் கூடாது. மணலும் பெர்லைட்டும் கலந்த கலவையில் நட்டு, ஈரத்தைக் குறைவாக வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் கையில் தெரியும்.

கோலியஸுக்கு இவ்வளவு பாடே இல்லை. ஒரு கிளையை ஒடித்து, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டு வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் வந்துவிடும். இம்பேஷன்ஸும் அப்படியே.

டேலியா நிலத்துக்கடியில் கிழங்காகத் தூங்கும் செடி என்பதால் அதன் கணக்கு வேறு. அதை அவசரப்பட்டுத் தோண்டக் கூடாது. முதல் பனியில் இலைகள் கறுக்கட்டும். பிறகு தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, ஒரு முழம் தள்ளி மண்வெட்டியை இறக்கிக் கிழங்குக் கொத்தை முழுசாகத் தூக்க வேண்டும். டேலியாக் கிழங்குகள் பருத்திருந்தாலும் கழுத்து மிக மெலிந்தது. அதில் விரிசல் விழுந்தால் கிழங்கு வீண். புதிய முளை கிழங்கின் உடம்பில் வராது. தண்டும் கிழங்கும் சேரும் அந்த உச்சிப் பகுதியில்தான் கண்கள் இருக்கும். கண்ணில்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. மண்ணைக் கழுவி, ஒன்றிரண்டு நாள் உலர்த்தி, மரத்தூளிலோ வெர்மிகுலைட்டிலோ புதைத்து, ஐந்து முதல் பத்து டிகிரியில் வைக்க வேண்டும். கிழங்கு சுருங்கினால் கொஞ்சம் நீர் தெளிக்க வேண்டும். மெத்தென்று அழுகினால் அந்தப் பகுதியை வெட்டி நீக்க வேண்டும். கல்வாழைக்கும் கிழங்குப் பெகோனியாவுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். ஃபூஷியாவைத் தொட்டியோடு இருட்டான குளிர்ந்த இடத்தில் இலை உதிரவிட்டு, மாதம் ஒருமுறை மண் தூளாகிவிடாத அளவுக்கு நீர் விட்டால் போதும்.

பெட்டூனியாவைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். அதுவும் பல்லாண்டுச் செடிதான், போத்திலும் வரும். ஆனால் வீட்டுக்குள் நூல்போல இழுத்துக்கொண்டு வளரும், அசுவினி விடாது. இடம் ஒன்றிரண்டு தொட்டிக்குத்தான் இருக்கிறது என்றால் அந்த இடத்தைப் பெட்டூனியாவுக்குக் கொடுக்க வேண்டாம். ஜெரேனியத்துக்கும் ஃபூஷியாவுக்கும் கொடுக்கலாம். புதிய ரகங்கள் பலவற்றுக்கு வளர்ப்பாளர் உரிமை உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1930இலிருந்தே செடிக்குக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அட்டையில் அப்படிக் குறித்திருந்தால் போத்தெடுத்து விற்கக் கூடாது.

உள்ளே எடுத்த செடிக்கு அடுத்த இடர் வெளிச்சம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் டொராண்டோவின் பகல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்தான். சூரியன் தெற்கே தாழ்வாக நகரும். தெற்கு ஜன்னலின் கண்ணாடியை ஒட்டி இருக்கும் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம், அதே அறையில் நான்கடி உள்ளே தள்ளி இருக்கும் செடிக்குக் கிடைக்காது. நம் கண் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத் தெரியும், செடிக்குத் தெரியாது. வெளிச்சம் குறைந்து சூடு மட்டும் இருந்தால் செடி மெலிந்து நீண்டு சாயும். ஆகவே கதகதப்பான வரவேற்பறையைவிட, சூடு குறைந்த படுக்கையறை ஜன்னல் செடிக்கு ஏற்றது. இப்போது மலிவாகக் கிடைக்கும் எல்இடி விளக்கைச் செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்குப் பதினான்கு மணி நேரம் எரித்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகச் செடிகள் சாகின்றன, அதுவும் அன்பினால். கோடையில் நாள்தோறும் ஊற்றிப் பழகிய கை குளிர்காலத்திலும் நிற்பதில்லை. வெளிச்சமில்லாத செடி நீரைக் குடிக்காது. மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும், சின்னஞ்சிறு ஈக்கள் பறக்கும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர். உரம் பிப்ரவரிக் கடைசி வரை வேண்டாம். ஹீட்டர் ஓடும் வீட்டின் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் செழிக்கும். இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் இருபுறமும் நீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வெள்ளை ஈயும் அசுவினியும் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து செடியோடு கூடவே உள்ளே வருபவை. உள்ளே எடுக்கும் நாளிலேயே சோப்புக் கரைசலில் இலைகளைக் கழுவி, ஒரு வாரம் தனியறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றச் செடிகளோடு சேர்க்க வேண்டும். கறிவேப்பிலையைப் பல குளிர்காலங்கள் கடத்திய தமிழ் வீடுகளுக்கு இதில் எதுவும் புதிதல்ல. அந்தக் கறிவேப்பிலை ஜன்னலில் ஒரு ஜெரேனியத்துக்கும் இடம் இருக்கும்.

இந்த இடத்தில் உதகமண்டலத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. தமிழ் மண்ணிலும் செடிகளைப் பனியிலிருந்து காக்கும் வேலை ஆண்டுதோறும் நடக்கும் ஊர் அது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும், டிசம்பர், ஜனவரியில் உறைபனி. காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் விடிகாலைப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். 1848இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்கைவர் அமைத்த அரசுத் தாவரவியல் பூங்காவில், மே மாத மலர்க் கண்காட்சிக்கான செடிகளும் நாற்றுகளும் இந்த மாதங்களைத் தாண்ட வேண்டும். மிலார் என்ற தழைச்செடிகளை வெட்டிவந்து தொழிலாளர்கள் அவற்றின் மேல் போர்த்தி வைப்பார்கள். காலையில் வெயில் படுமுன் புல்தரையில் தண்ணீர் தெளிப்பார்கள்.

டொராண்டோவில் இந்த முறை பலிக்காது, ஊட்டியில் பலிக்கும். ஏனென்றால் ஊட்டியின் பனி ஓர் இரவின் பனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆனால் மண்ணுக்குள் பகல் வெயிலின் சூடு மிச்சம் இருக்கிறது. தழைப்போர்வை அந்தச் சூடு மேலே தப்பாமல் பிடித்து வைக்கிறது. காலை பத்து மணிக்கு வெயில் வந்துவிடும், ஆபத்து நீங்கிவிடும். கனடாவிலோ மண்ணே பல அங்குல ஆழத்துக்கு மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும். பிடித்து வைக்கச் சூடே இல்லாத இடத்தில் போர்வையால் என்ன பயன்? அதே காரணத்தால்தான் ஊட்டி வீட்டு வாசல்களில் பழைய டின்னிலும் தொட்டியிலும் ஜெரேனியம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. கூரையின் விளிம்புக்குக் கீழே, சுவரை ஒட்டி நகர்த்தி வைத்தால் அங்கே அதற்குப் போதும். மலைவாழ் தோட்டக்காரர்கள் செய்ய வேண்டியது இரண்டுதான்: பள்ளத்தில் தொட்டி வைக்காமல் இருப்பது, வானம் தெளிந்து காற்று நின்ற மாலைகளில் போர்வையை மறக்காமல் இருப்பது.

குளிரை வேண்டிக் கேட்கும் ஓராண்டுச் செடிகளும் உண்டு. லார்க்ஸ்பர், கார்ன்பிளவர், பாப்பி வகைகள் இலையுதிர்காலத்தில் முளைத்து, தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகப் பனிக்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் பூப்பவை. இப்படிப்பட்ட பல செடிகளுக்குக் குளிர்தான் பூக்கச் சொல்லும் சமிக்ஞை. குளிர்காலத் தானியமான ரை பயிரில் இதை ஜெர்மானியரான குஸ்டாவ் காஸ்னர் 1918இல் தெளிவாகக் காட்டினார். இவற்றை உள்ளே எடுத்துச் சூட்டில் வைப்பது உதவி அல்ல, தொல்லை. இவற்றுக்குச் சிறந்த போர்வை பனியேதான். புதிதாய் விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. அது வெளிக்குளிரை மண்ணுக்கு இறங்கவிடாது. பனி விழாமல் வெறும் குளிர் வீசும் ஆண்டுகளில்தான் இவை அதிகம் சாகின்றன. அதனால் நடைபாதையில் அள்ளும் சுத்தமான பனியைப் பாத்தியின் மேல் போடலாம். உப்புக் கலந்த பனியைப் போடக் கூடாது.

கடைசியாக, வெளியே எடுக்கும் காலம். மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்த செடியை ஏப்ரலின் ஒரு வெயில் நாளை நம்பி வெளியே வைத்து இழப்பவர்கள் நிறைய. ஒன்டாரியோ தோட்டக்காரர்கள் மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறையைக் கணக்காக வைத்திருப்பதில் அனுபவம் இருக்கிறது. அதன் பிறகு இரவுப் பனி வருவது அரிது. அப்போதும் செடியை நேராக வெயிலில் வைக்கக் கூடாது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலைக்கு நேர் வெயில் புதிது. ஒரே நண்பகலில் வெளுத்துக் கருகிவிடும். முதல் இரண்டு நாள் நிழலில் சில மணி நேரம், பிறகு காலை வெயில் மட்டும், இரவில் உள்ளே. இப்படி ஏழு முதல் பத்து நாள் பழக்கிய பிறகு பாத்தியில் நடலாம். டேலியாக் கிழங்கையும் மண் சூடேறிய இந்தச் சமயத்தில்தான் கண் மேலே பார்க்க நட வேண்டும். முளை மண்ணுக்கு மேல் தெரியும் வரை தண்ணீர் வேண்டாம்.

மூன்று நான்கு குளிர்காலம் கடந்த ஜெரேனியத்தின் அடித்தண்டு மரமாகிவிடும், குருத்து குறையும், பூவும் சிறுக்கும். அந்த ஆண்டு ஆகஸ்டில் அதன் நுனிகளிலிருந்து நாலைந்து போத்துகளை எடுத்து வேர்பிடிக்க வைத்துவிட்டு, தாய்ச் செடியைக் குப்பைக்கு விடலாம். போத்திலிருந்து வருவது மரபில் அதே செடி என்பதால் பூவின் நிறம் மாறாது.